கிழியட்டும், விடுங்கள்!



உங்கள் இல்லத்தில் ஒரு வயதோ இரண்டு வயதோ ஆன குழந்தை இருக்கிறதா? இருப்பின், நேற்று மஃரிபு தொழுகைக்குப் பின் அக்குழந்தையின் கையில் என்ன இருந்தது என்பதைச் சற்றே நினைவுகூர்ந்து பாருங்கள். கிலுகிலுப்பையாக இருந்திருக்கலாம்; அடுப்படியிலிருந்து எடுத்து வந்த கரண்டியாக இருந்திருக்கலாம். பல வீடுகளில் அது அத்தாவின் செல்பேசியாகவே இருந்திருக்கும். ஒரு புத்தகம் இருந்தது என்று சொல்லக்கூடியவர்கள் நம்மில் எத்தனை பேர்?

"எழுத்தே அறியாத பச்சைப் பிள்ளைக்குப் புத்தகம் எதற்கு?" என்று நீங்கள் கேட்கக்கூடும். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவன்தான். கேட்டதோடு நில்லாமல், வீடு தேடி வந்த புத்தகத்தைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்தவன். அந்தத் தவற்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதே முறை.

அலமாரியின் மேல் ஏழு ஆண்டுகள்

என் மூத்த மகனுக்கு ஒரு வயது நிரம்பியிருந்த சமயம், சிங்கப்பூரில் வேலை பார்த்து வந்த என் மைத்துனர் விடுமுறையில் காரைக்குடிக்கு வந்தார். மருமகனுக்கென்று கனத்த அட்டையில் செய்த ஒரு படப் புத்தகம் கொண்டு வந்தார். பக்கத்துக்குப் பக்கம் ஒரு சிறு காகிதக் கதவு; கதவைத் திறந்தால் உள்ளே ஒரு யானை, அடுத்ததில் ஓர் ஒட்டகம், அதற்கடுத்ததில் ஒரு குரங்கு. பிள்ளை அதைக் கண்டதும் கையையும் காலையும் உதைத்துக்கொண்டு சிரித்தான். அன்று மாலையே ஒரு கதவின் ஓரம் கசங்கிற்று. நான் புத்தகத்தை வாங்கி அலமாரியின் மேல் வைத்துவிட்டேன்.

"புள்ள கேட்டு அழுவுறானே, குடுத்தாத்தான் என்னங்க?" என்றார் என் மனைவி.

"கிழிச்சிப்புடுவான். வெல கூடின புத்தகம். அதோட, மத்ரஸாவுல பாடம் நடத்துறவன் வீட்டுல உருவப்படம் எதுக்கு?" என்றேன்.

அதன்பின் அவர் கேட்கவில்லை. வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காக ஏழு ஆண்டுகள் கழித்து அலமாரியை நகர்த்தியபோதுதான் அந்தப் புத்தகம் மீண்டும் கண்ணில் பட்டது. தூசியைத் துடைத்தால் கடையில் வாங்கிய புத்தகம் போலவே இருந்தது. மகன் அப்போது மூன்றாம் வகுப்பு. அவனிடம் நீட்டினேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "இது சின்னப் புள்ள புக்கு அத்தா" என்று திருப்பித் தந்துவிட்டு விளையாடப் போய்விட்டான்.

அந்தப் புத்தகத்தை உரிய வயதில் தந்திருந்தால் அவன் பெரும் வாசகனாகியிருப்பான் என்று நான் சொல்ல வரவில்லை. அதை அல்லாஹ்வே அறிவான். ஆனால், அவனை மடியில் வைத்துக்கொண்டு நான் பேசியிருக்க வேண்டிய எத்தனையோ மாலைப் பொழுதுகள் அந்த அலமாரியின் மேல் தூசியோடு தூசியாகக் கிடந்தன என்பதை அன்று உணர்ந்தேன். அப்போது எங்கள் இளைய மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் அதே நிலை வரலாகாது என்று தோன்றிற்று. ஆனால் மார்க்க ஐயம் ஒன்று மனத்தில் இருந்தது. அது தீராமல் கொடுக்கவும் மனம் ஒப்பவில்லை. ஆகவே, எனக்கு ஓதிக் கொடுத்த உஸ்தாதிடம் சென்றேன்.

சிறகு முளைத்த குதிரை

வயது முதிர்ந்த அந்தப் பெரியவர் என் கேள்வியைக் கேட்டுவிட்டு, "அபூதாவூத் கிதாபை எங்களிடம் ஓதினீர்களே, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் குதிரையை மறந்துவிட்டீர்களா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

அந்த நிகழ்ச்சி உங்களில் பலரும் கேட்டதுதான். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்திலிருந்து திரும்பியிருந்தார்கள். காற்றில் திரை விலகியபோது ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகள் தென்பட்டன. அவற்றின் நடுவே துணித் துண்டுகளால் இரண்டு சிறகுகள் வைத்த ஒரு குதிரையும் இருந்தது. குதிரைக்குச் சிறகு உண்டா என்று நபியவர்கள் வினவ, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்தனவென்று தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் பதில் சொன்னார்கள். அதைக் கேட்டு நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியுமளவு சிரித்தார்கள்.

உருவங்கள் குறித்து ஹதீஸ்களில் வந்துள்ள கண்டிப்பை நாம் அறிவோம். அதே நேரத்தில், குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களை அக்கண்டிப்பிலிருந்து விலக்கி வைத்த இமாம்கள் பலர் உண்டு. அதற்கு அவர்கள் காட்டும் சான்றுகளில் இந்நிகழ்ச்சியும் ஒன்று. அச்சிட்ட படங்களைப் பற்றியும் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. பேணுதலை விரும்பும் இல்லத்தார் தம் மஹல்லாவின் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறட்டும். சுவரில் மாட்டிப் போற்றும் படம் வேறு. குழந்தை கடித்து, கசக்கி, தரையில் இழுத்து விளையாடும் படம் வேறு என்பதே என் உஸ்தாத் எனக்குச் சொன்ன விளக்கம். அன்று இரவே புத்தகம் மகளின் கைக்குப் போயிற்று.

உஸ்தாத் விடைகொடுக்கும்போது இன்னொன்றும் சொன்னார்: "அபூ உமைரையும் நினைத்துக்கொள்ளுங்கள்."

அனஸ் (ரலி) அவர்களின் சின்னஞ்சிறு தம்பிதான் அபூ உமைர். நுகைர் என்னும் சிட்டுப் போன்ற ஒரு பறவையை அவர் வளர்த்து வந்தார். அது இறந்துபோக, குழந்தை வாடியிருந்தது. நபியவர்கள் அக்குழந்தையின் பெயரோடு ஓசை ஒத்துவருமாறு, அந்த நுகைர் என்ன செய்தது என்று விளையாட்டாகக் கேட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ள செய்தி இது. ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்த இப்னுல் காஸ் என்னும் அறிஞர், ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில், இந்த ஒரு ஹதீஸிலிருந்து மட்டும் 60 படிப்பினைகளை எடுத்துத் தனி நூலே எழுதினார். நமக்கு இங்கே ஒன்று போதும். சமுதாயத்தின் பெரும் பொறுப்பைச் சுமந்த ஒருவர், ஒரு குழந்தையின் முன் நின்று, அக்குழந்தைக்குப் பிடித்த ஒரு பறவையைப் பற்றி, அதன் செவிக்கு இனிய ஓசையில் பேசினார்கள். படப் புத்தகத்தை மடியில் விரித்து நாம் செய்ய வேண்டியதும் அதுவே.

காகம் கற்பித்த எழுத்து

விலங்குகளின் வாயிலாக மனிதருக்குக் கற்பிப்பது நம் நாட்டுக்குப் புதியதன்று. பஞ்சதந்திரக் கதைகள் இங்கிருந்து கி.பி. 6ஆம் நூற்றாண்டில் பாரசீகத்துக்குப் போயின. 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அவற்றைக் 'கலீலா வ திம்னா' என்ற பெயரில் அரபியில் ஆக்கினார். விலங்குகளைப் பேச வைத்ததற்கும் படங்கள் சேர்ப்பதற்கும் உரிய காரணத்தை அவர் முன்னுரையிலேயே சொல்லியிருக்கிறார்: விளையாட்டை விரும்பும் இளைஞர்கள் ஈர்க்கப்படுவர், பல வண்ணங்களில் தீட்டிய விலங்குகளைக் கண்டு உள்ளங்கள் மகிழும். 13ஆம் நூற்றாண்டில் படங்களோடு எழுதப்பட்ட அரபிப் பிரதிகள் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

குழந்தைகளுக்கென்றே அச்சான படப் புத்தகங்களுள் முன்னோடி என்று போற்றப்படுவது, கொமேனியஸ் என்ற கல்வியாளர் 1658இல் நியூரம்பர்க் நகரில் வெளியிட்ட நூல். அதன் தொடக்கத்தில் எழுத்துகளை அவர் விலங்குகளின் குரலைக் கொண்டே கற்பித்தார். முதலெழுத்துக்குக் காகம் கரையும் ஒலி. அடுத்ததற்கு ஆட்டுக்குட்டி கத்தும் ஒலி. நான்காம் எழுத்துக்குக் கொண்டலாத்தியின் குரல். ஆம், சுலைமான் நபியிடம் ஸபா நாட்டுச் செய்தி கொண்டுவந்ததாகத் திருமறை கூறும் ஹுத்ஹுத் பறவைதான் அது!

எழுத்துக்கு முன் ஒலி, ஒலிக்கு முன் உயிருள்ள ஒன்றின் மேல் பிறக்கும் ஆசை. குழந்தை கற்கும் வரிசை இதுதான். நாமோ பள்ளியில் சேர்ப்பதற்கு முன்பே எழுத்து அட்டையைக் கையில் கொடுத்து, "இது என்ன? சொல்லு, சொல்லு" என்று அதட்டுகிறோம்.

குழந்தை ஏன் கிழிக்கிறது?

புத்தகத்தைக் கொடுத்தால் கிழித்துவிடும் என்ற அச்சம் தாய்மாருக்கு இயல்பு. குழந்தை கிழிப்பதன் காரணத்தை அறிந்தால் கோபம் தணிந்துவிடும்.

அமெரிக்க உளவியல் அறிஞர் ஜூடி டிலோச் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் 1998இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒன்பது மாதக் குழந்தைகளின் முன் பொருள்களின் படங்களை வைத்தபோது, அக்குழந்தைகள் படத்தைத் தடவின, தட்டின, விரல்களால் பற்றி எடுக்க முயன்றன. மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில், படப் புத்தகப் பழக்கமே இல்லாத சிற்றூர்க் குழந்தைகளும் அவ்வாறே செய்தன. பத்தொன்பது மாதமான குழந்தைகளோ படத்தைப் பறிக்க முயலவில்லை. விரல் நீட்டிச் சுட்டிக் காட்டின.

ஆகவே, உங்கள் ஒன்பது மாதச் செல்வம் பூனைப் படத்தைப் பிறாண்டுகிறது என்றால், அது அந்தப் பூனையைக் கையில் எடுக்கப் பார்க்கிறது. படம் என்பது ஒரு பொருளைக் குறிப்பது, பொருளே அன்று என்னும் அறிவு பிறவியில் வருவதில்லை. பத்து மாத இடைவெளியில், புரட்டியும் சுவைத்தும் ஏமாந்தும் குழந்தை தானே அதைக் கண்டறிகிறது. பின்னாளில் ஓர் எழுத்து ஓர் ஒலியைக் குறிக்கும் என்று அறிவதற்கு இதுவே முதற்படி. கிழிந்த பக்கம் அந்தப் படிப்பின் கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1992இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 'புக்ஸ்டார்ட்' என்னும் திட்டம் 300 கைக்குழந்தைகளுக்கு இலவசமாகப் புத்தகம் வழங்கித் தொடங்கியது. பின்னர் அந்நாடு முழுவதும் பரவியது. குழந்தை பிறந்த நாள் தொட்டே புத்தகத்தை உரக்கப் படித்துக் காட்டும்படி பெற்றோருக்கு அறிவுரை கூறுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இல் தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. மருந்துச் சீட்டு எழுதும் கைகள் புத்தகத்தையும் சேர்த்துப் பரிந்துரைக்கின்றன என்றால் காரணம் இல்லாமலா இருக்கும்?

நம் மொழியின் செல்வம்

ஒரு விலங்குப் படத்தை முன்வைத்துப் பேசும்போது எத்தனை சொற்கள் குழந்தையின் செவியில் விழுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். வேறு பேச்சில் அச்சொற்கள் வருவதற்கு இடமே இல்லை. யானை பிளிறும், குதிரை கனைக்கும், மயில் அகவும், காகம் கரையும், ஆந்தை அலறும், நரி ஊளையிடும், பாம்பு சீறும். எல்லாம் 'கத்தும்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும் காலம் இது. கல்லூரியில் தமிழ் படித்தபோது தொல்காப்பியத்தின் மரபியலில் இளமைப் பெயர்கள் ஒன்பதைக் கண்டு வியந்திருக்கிறேன்: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. ஆட்டுக்குட்டி, யானைக்கன்று, அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை என்று நம் வீட்டு நன்னிமார் இன்றும் சொல்வது அந்த மரபின் தொடர்ச்சியே.

படிக்கத் தெரியாத நன்னியும் இந்தப் பணியைச் செய்யலாம் என்பதுதான் படப் புத்தகத்தின் பெருஞ்சிறப்பு. அதில் எழுத்து குறைவு, பேச்சு அதிகம். ஆட்டின் படத்தைக் காட்டி, "நம்ம கொல்லையில நிக்கிற வெள்ளாடு மாதிரி இருக்குல்ல? அது எப்புடிக் கத்தும்? மே... மே..." என்று நன்னி சொல்லிவிட்டால் பாடம் முடிந்தது. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தாலும் கவலை வேண்டாம். அச்சிட்டதை விட்டுவிட்டு, படத்தை உங்கள் தமிழில் சொல்லுங்கள்.

திருமறையில் மாடு, தேனீ, எறும்பு, சிலந்தி, யானை ஆகியவற்றின் பெயர் தாங்கிய அத்தியாயங்கள் இருக்கின்றன. எறும்பின் பேச்சைக் கேட்டுச் சுலைமான் நபி புன்னகைத்ததாக அந்நம்ல் அத்தியாயம் கூறுகிறது. மக்தபுக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்த வரலாறுகளைச் சொல்லும்போது நான் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். வீட்டில் யாராவது மடியில் வைத்து எறும்பையும் சிலந்தியையும் காட்டிப் பேசிய பிள்ளை, "அப்பறம் என்னாச்சு ஹஜ்ரத்?" என்று கேட்கிறது. அப்படிப் பேசக் கேட்டிராத பிள்ளை மௌனமாக அமர்ந்திருக்கிறது. அறிவில் குறைவால் அன்று. கேள்வி கேட்டுப் பழக்கமில்லாததால்.

செட்டிநாட்டின் கொடை

குழந்தை இலக்கியத்தில் நம் பகுதிக்குத் தனி இடம் உண்டு. 'குழந்தைக் கவிஞர்' என்று தமிழகம் போற்றும் அழ. வள்ளியப்பா 1922இல் பிறந்தது செட்டிநாட்டு ஊர்களுள் ஒன்றான இராயவரத்தில். வங்கியில் பணியாற்றிக்கொண்டே 'பூஞ்சோலை' முதலிய சிறுவர் இதழ்களை நடத்தினார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றக் காரணமானார். 1989இல் மறையும் வரை குழந்தைகளுக்காகவே எழுதினார். பதிப்புலகில் பெயர் பெற்ற 'சக்தி' வை. கோவிந்தனும் அதே ஊர்க்காரர். அவர் நடத்திய சிறுவர் இதழுக்கு வைத்த பெயர் 'அணில்'! காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த அச்சு நூல்களே இன்று சென்னையில் பெரும் ஆய்வு நூலகமாக விளங்குகின்றன.

இத்தகைய மண்ணில் பிறந்த நம் பிள்ளைகளின் மடியில் ஒரு புத்தகம் இல்லை என்பது வருத்தத்துக்குரியது. வண்ணப் படப் புத்தகம் முன்பு எட்டாத விலையில் இருந்தது என்பது உண்மைதான். என் பிள்ளைப் பருவத்தில் விலங்குகளைப் படமாகக் கண்டதெல்லாம் சிவகாசியில் அச்சான சுவர் அட்டையிலும் தீப்பெட்டியின் மேலும்தான். இன்று அந்த நிலை இல்லை. 1957இல் தொடங்கப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட் குறைந்த விலையில் தமிழிலும் சிறுவர் நூல்களை வெளியிடுகிறது. சென்னையின் தூலிகா பதிப்பகமும் பெங்களூரின் பிரதம் புக்ஸ் நிறுவனமும் மழலையருக்கென்றே தமிழில் படப் புத்தகங்கள் தருகின்றன. பிரதம் நிறுவனத்தார் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' என்னும் இணையதளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகப் பெற்று அச்செடுத்துக்கொள்ளவும் முடியும். காரைக்குடியில் புத்தகத் திருவிழா நடக்கும்போது குடும்பத்தோடு போகிறோம். மிளகாய் பஜ்ஜி வாங்குவதோடு மடியிலிருக்கும் பிள்ளைக்கும் ஒரு புத்தகம் வாங்கி வரலாமே!

எதை வாங்குவது? எப்படிக் காட்டுவது?

கனத்த அட்டைப் புத்தகமோ துணிப் புத்தகமோ முதலில் போதும். ஒரு பக்கத்தில் ஒரு விலங்கு இருப்பது நலம். திறக்கவும் தொடவும் விரல் நுழைக்கவும் இடமுள்ளவற்றைக் குழந்தைகள் பெரிதும் விரும்பும். அமெரிக்க ஓவியர் எரிக் கார்ல் 1969இல் வெளியிட்ட புத்தகத்தில் பசி அடங்காத ஒரு புழு பழங்களைத் தின்றுகொண்டே போகும். தின்ற இடத்தில் மெய்யாகவே ஓட்டை இருக்கும். ராட் காம்பெல் என்பவரின் 1982ஆம் ஆண்டுப் புத்தகத்தில், வளர்ப்பதற்கு ஒரு பிராணி கேட்ட குழந்தைக்கு மிருகக்காட்சிச் சாலை வரிசையாகப் பெட்டிகளை அனுப்பும். திறந்தால் யானை, மிகப் பெரியது, திருப்பி அனுப்பு! சிங்கம், மிகக் கொடியது, திருப்பி அனுப்பு! கடைசியில் வருவது ஒரு நாய்க்குட்டி. உலகெங்கும் மழலையரைச் சிரிக்க வைத்த இவ்விளையாட்டு, எந்த மொழியில் சொன்னாலும் இனிக்கும்.

சட்டையும் கண்ணாடியும் அணிந்து பேசும் விலங்குகளை மட்டுமே காட்டாதீர்கள். அத்தகைய கதைகளைக் கேட்ட மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள், மனிதர்க்குரிய குணங்களை மெய்யான விலங்குகளுக்கும் ஏற்றிச் சொல்வதாக 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. விளையாட்டுக்கு அவை இருக்கட்டும். உள்ளபடி இருக்கும் ஆடும் கோழியும் காகமும் அவற்றோடு சேர்ந்து இருக்கட்டும்.

காட்டும் முறைக்குச் சில குறிப்புகள்:

ஐந்து நிமிடம் போதும். ஆனால் நாள்தோறும் வேண்டும். இரவு உறக்கத்துக்கு முந்திய நேரம் மிகவும் ஏற்றது.

பக்கத்தைக் குழந்தையே புரட்டட்டும். பின்பக்கத்திலிருந்து தொடங்கினாலும் தடுக்காதீர்கள்.

ஒன்றைக் கேட்டுவிட்டால் சற்றுப் பொறுத்திருங்கள். குழந்தையின் விடை ஒரு பார்வையாகவோ ஒரு முக்கலாகவோ இருக்கலாம். அதையும் விடையாக ஏற்று, "ஆமா, மாடுதான்! வாலு எம்மாம் நீளம் பாத்தியா?" என்று பேச்சை வளர்த்துங்கள்.

ஒரே புத்தகத்தை நாற்பது முறை கேட்டால் நாற்பது முறையும் காட்டுங்கள். சலிப்பு நமக்குத்தான், குழந்தைக்கு அது பழகிய முகம்.

பரீட்சை வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள்.

அத்தாமார்களே, இது தாய்மாரின் வேலை என்று ஒதுங்காதீர்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் பெட்டியில் அனுப்பும் சாக்லேட்டோடு ஒரு புத்தகத்தையும் அனுப்புங்கள். விடுமுறையில் வரும்போது அதே புத்தகத்தை மடியில் விரித்து அமருங்கள். பிள்ளைக்கு உங்கள் குரல் அந்தப் பக்கங்களோடு பழகிவிடும்.

காசில்லாமல் ஒரு புத்தகம்

வாங்க வசதியில்லாத வீட்டிலும் புத்தகம் உண்டாக்கலாம். என் மனைவி இளைய மகளுக்குச் செய்த முறையைச் சொல்கிறேன். ஜவுளிக் கடையில் தரும் சட்டைப் பெட்டியின் அட்டையை உள்ளங்கை அகலத்துக்குப் பத்துத் துண்டுகளாக வெட்டி, முனைகளை வட்டமாக நறுக்கிக்கொள்ளுங்கள். பழைய நாள்காட்டி, பிஸ்கட் உறை, செய்தித்தாள் இணைப்பு ஆகியவற்றிலிருந்து விலங்குப் படங்களைக் கத்தரித்து மைதாப் பசையால் ஒட்டுங்கள். காய்ந்ததும் மேலே அகலமான செல்லோ டேப் ஒட்டினால் எச்சில் பட்டாலும் ஊறாது. ஓரத்தில் துளையிட்டுக் கெட்டி நூலால் தையுங்கள். ஸ்டேப்ளர் ஊசியோ குண்டூசியோ வேண்டவே வேண்டாம். பிள்ளை வாயில் போட்டுவிடும். கோழிப் படத்தின் மேல் ஒரு துணித் துண்டைக் கதவு போல் ஒட்டிவிட்டால், "கோழி எங்கே? இதோ கோழி!" என்ற விளையாட்டும் ஆயத்தம்.

செல்பேசி செய்யாத வேலை

"இதையெல்லாம் செல்பேசியிலேயே காட்டிவிடலாமே, யானை அசையவும் செய்கிறதே" என்று சிலர் கேட்கிறார்கள். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை எதையும் காட்டலாகாது என்று இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. தொலைவிலிருக்கும் உறவினரோடு முகம் பார்த்துப் பேசுவது மட்டும் விதிவிலக்கு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதும் ஏறத்தாழ இதுவே.

காரணம் எளிது. திரையில் ஓடும் யானை குழந்தைக்காகக் காத்திருப்பதில்லை. அடுத்த நொடியில் குரங்கு வந்துவிடும். புத்தகத்து யானை, குழந்தை அதன் வாலைப் பார்த்து முடிக்கும் வரை அங்கேயே நிற்கும். குழந்தை நிமிர்ந்து நம் முகத்தைப் பார்க்கவும், நாம் பதில் சொல்லவும் அதில் இடம் இருக்கிறது. செல்பேசியைக் கொடுத்தால் நாம் எழுந்து போய்விடலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. புத்தகத்தைக் கொடுத்தால் நாம் கூடவே அமர வேண்டியிருக்கிறது. குழந்தைக்கு வேண்டியது அந்தக் கூட இருத்தல்தான்.

பக்கத்திலிருந்து பறந்த நாரை

படத்தில் கண்டதை நேரில் காட்டினால் அந்த மகிழ்ச்சிக்கு ஈடில்லை. அதற்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. மாடியில் கரையும் காகமும் தெருவில் நிற்கும் ஆடும் போதும். சற்று வசதிப்பட்டால், நம் சிவகங்கை மாவட்டத்திலேயே திருப்பத்தூருக்கு அருகில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் கண்மாய்களுக்குக் குளிர்காலத்தில் நத்தைகுத்தி நாரையும் கொக்குகளும் திரளாக வந்து தங்கும். அப்பறவைகள் அஞ்சிவிடக் கூடாதென்று கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப் பகுதி மக்கள் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை.

எங்கள் மகளை இரண்டரை வயதில் அங்கே அழைத்துச் சென்றோம். மரத்தின் மேல் நாரையைக் கண்டதும், "புக்குல உள்ளது பறந்து வந்துருச்சு!" என்று கூவினாள். பெரியவர்கள் விரலை உதட்டில் வைத்து அமைதி காட்டியதும், தானும் விரலை வைத்துக்கொண்டு மெல்லக் கிசுகிசுத்தாள். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவர் மன்னிக்கப்பட்ட ஹதீஸைப் பிற்பாடு நான் அவளுக்கு ஓதிக் காட்டியபோது, உயிர்களிடத்தில் இரக்கம் என்பது அவளுக்குப் புதிய பாடமாக இருக்கவில்லை.

நிறைவாக...

அந்தச் சிங்கப்பூர்ப் புத்தகம் இப்போதும் எங்கள் வீட்டில் இருக்கிறது. யானையின் தும்பிக்கையைக் காணோம். கதவுகளில் நான்கு பிய்ந்துவிட்டன. ஒட்டிய டேப் மஞ்சளித்துவிட்டது. முனையெல்லாம் பல் பதிந்த தடம். ஏழாண்டுகள் புத்தம் புதிதாகக் கிடந்தபோது அது வெறும் அட்டை. இரண்டே ஆண்டுகளில் இப்படிச் சிதைந்தபோதுதான் அது புத்தகமாயிற்று.

சென்ற பெருநாளன்று, கல்லூரிக்குச் செல்லும் என் மூத்த மகன் அதை எடுத்துப் புரட்டினான். "இது எனக்கு வந்ததுதானே அத்தா?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டான். "ஆமாம்ப்பா, உனக்கு வந்ததுதான்" என்றேன். அதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அப்படியொரு கேள்வி உங்கள் வீட்டில் எழ வேண்டாம். அலமாரியின் மேலும் பெட்டிக்குள்ளும் பத்திரமாக இருக்கும் புத்தகங்களை இன்றே கீழே இறக்குங்கள். இல்லாதவர்கள் நாளையே ஒன்றைத் தைத்துக்கொள்ளுங்கள். குழந்தையை மடியில் அமர்த்தி முதல் பக்கத்தைத் திறவுங்கள். கிழிந்தால் கிழியட்டும், விடுங்கள், ஒட்டிக்கொள்ளலாம். கடந்துபோன வயதை ஒட்டிக்கொள்ள முடியாது.

நம் மக்களைக் கண்குளிர்ச்சியாகவும் கல்வியில் நாட்டமுடையவர்களாகவும் எல்லாம் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.